தோட்டத்துச் சுவரில் ஒரு தமிழ் ஊர்

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில், எங்கள் தமிழ்த்துறையின் இரண்டாமாண்டு மாணாக்கர்களை அழைத்துக்கொண்டு மைசூர்ப் பக்கம் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். இத்தகைய சுற்றுலாக்களில் கல்வி எவ்வளவு, சுற்றுலா எவ்வளவு என்பதை ஆசிரியர்களாகிய நண்பர்கள் நன்கு அறிவீர்கள். பேருந்தில் இரவு முழுவதும் பாட்டும் கூத்தும். விடியும் நேரத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உறக்கம். அப்படி அரைத் தூக்கத்தில்தான் நாங்கள் சீரங்கப்பட்டணத்தில் இறங்கினோம்.

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுவதால் உண்டான தீவு அது. நம் சீரங்கத்தைப் போலவே அங்கும் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். சீரங்கப்பட்டணம் ஆதியரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம்முடையது அந்தியரங்கம் என்று சொல்வார்கள். ஒரே ஆற்றின் மூன்று தீவுகளில் ஒரே பெருமாள். இதை நான் பேருந்திலேயே விளக்கியிருந்தேன். கேட்டவர்கள் இருவரோ மூவரோதான்.

கோவிலும் கோட்டையும் பார்த்து முடித்து, கோட்டைக்குக் கிழக்கே சிறிது தொலைவில் இருக்கும் தரியா தௌலத் பாக் என்னும் திப்பு சுல்தானின் வேனில் மாளிகைக்குச் சென்றோம். இக்கட்டுரை அந்த மாளிகையைப் பற்றியது. கூடவே, பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நான் செய்துவந்த ஒரு பிழையைப் பற்றியதும் ஆகும்.

தோட்டமும் மாளிகையும்

'தரியா' என்றால் பாரசீகத்தில் கடல், ஆற்றையும் குறிக்கும். 'தௌலத்' செல்வம், 'பாக்' தோட்டம். கடற்செல்வத் தோட்டம் என்று பெயர்க்கலாம். ஐதர் அலி தொடங்கிய இம்மாளிகையைத் திப்பு 1784இல் முடித்தார். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனிடம் மீண்டும் வருவேன்.

பெயரிலேயே தோட்டம்தான் இருக்கிறது, மாளிகை இல்லை. நுழைவாயிலிலிருந்து நேர்கோடாக ஒரு நடைபாதை. இருமருங்கும் மரங்கள், புல்வெளிகள். பாதையின் முடிவில், ஓர் ஆள் உயரத்துக்குக் குறைவான மேடை மீது மரத்தால் ஆன மாளிகை. அரண்மனை என்றவுடன் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துதான் போவார். கட்டி அணைக்க முடியாத தூண்கள் எவையும் இங்கில்லை. நான்கு புறமும் தாழ்வாரம் ஓட, மெலிந்த தேக்குத் தூண்கள் தாங்கி நிற்கும் கட்டடம். வெயில் வேளையில் ஆற்றுக் காற்றை வாங்கிக்கொண்டு உட்கார்வதற்கென்றே கட்டியது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் அந்தத் தாழ்வாரத்துக்குள் நுழைந்துவிட்டால் சுவர், தூண், விதானம், வளைவு என்று எங்கும் ஓவியம். விரல் வைக்க வெற்றிடம் இல்லை. கொடியும் மலரும் பொன்னும் செம்மையுமாகப் பின்னிக் கிடக்கின்றன. வெயில் படாதிருக்கத் தாழ்வாரத்தைச் சுற்றிலும் பச்சைத் திரைகள் தொங்குகின்றன. உள்ளே இந்தியத் தொல்லியல் துறை 1959 முதல் நடத்திவரும் அருங்காட்சியகம்.

ஐதரும் திப்புவும் தோட்டப் பித்தர்கள். பெங்களூரின் லால்பாக்கை 1760இல் தொடங்கியவர் ஐதர். அதை விரித்துப் பல நாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்து வளர்த்தவர் திப்பு. சீரங்கப்பட்டணத் தீவின் கிழக்குக் கோடியிலும் லால்பாக் என்ற பெயரில் இன்னொரு தோட்டம் இருந்தது. ஐதர் மறைந்த பின் அவர் உடல் கிடத்தப்பட்டதும், பின்னாளில் திப்பு அடக்கமானதும் அந்தத் தோட்டத்தின் நடுவேதான். வாழும்போது ஒரு தோட்டம், மறைந்தபின் ஒரு தோட்டம்.

மேற்குச் சுவர்

மாளிகையின் மேற்குச் சுவரில் ஐதரும் திப்புவும் படைசூழப் பவனி செல்லும் காட்சிகள் உள்ளன. அவற்றோடு ஒரு பெரும்போரும் தீட்டப்பட்டிருக்கிறது. முதலில் பார்க்கும்போது ஒன்றும் பிடிபடவில்லை. குதிரைகள், குதிரைகள், மீண்டும் குதிரைகள். வரிசை வரிசையாக வாள் ஓங்கிய வீரர்கள். தலையற்ற உடல்கள். உடலற்ற தலைகள். கலிங்கத்துப்பரணி நடத்தியவர்களுக்கு இக்காட்சி அவ்வளவு அந்நியமில்லை.

சற்று நின்று பார்த்தால் கண் ஓர் இடத்தில் குவிகிறது. செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். நான்கு பக்கமும் சூழப்பட்டுவிட்டார்கள். சதுரத்தின் நடுவே ஒரு பல்லக்கு. பல்லக்கினுள் காயம்பட்ட வெள்ளைக்காரத் தளபதி, திகைப்பில் விரலை வாயில் வைத்தபடி. அவருக்கு அருகே வெடிமருந்து வண்டியொன்று தீப்பிழம்பாக வெடிக்கிறது. வேறோரிடத்தில் மைசூர்ப் பக்கம் நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கியோடு காட்சி தருகிறார். வந்தவாசியில் தோற்ற லாலி இவரல்லர், அவர் 1766இலேயே பாரிசில் தலையிழந்துவிட்டார். இவர் வேறொருவர். இத்தனைக்கும் நடுவே ஐதரும் திப்புவும், தோட்டத்தில் உலாவ வந்தவர்களைப் போல மலரை முகர்ந்தபடி அமைதியாகச் செல்கிறார்கள்.

நான் அங்கிருந்த அறிவிப்பைப் படித்து மாணாக்கர்களுக்குச் சொன்னேன்: "இது பொல்லிலூர்ப் போர். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10. கர்னல் பெய்லி என்னும் ஆங்கிலத் தளபதியை ஐதரும் திப்புவும் முறியடித்த போர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்தது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல எங்க ஐயா?"

எனக்குத் தெரியவில்லை. பொல்லிலூர் என்றே மீண்டும் சொன்னேன். அவள் அந்த ஆங்கில எழுத்துகளை வாய்க்குள் இரண்டு முறை உச்சரித்துப் பார்த்தாள்.

"ஐயா, இது புள்ளலூருங்க ஐயா. எங்க ஆயா ஊரு."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை என்பதே சரி. பல்லவர் வரலாறு நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேட்டை மேற்கோள் காட்டிக் கரும்பலகையில் எழுதுபவன் நான். ஐதர் அலியின் பொல்லிலூரையும் எத்தனையோ நூல்களில் படித்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஊர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தமிழில் படித்த ஊர் ஒரு பெட்டியிலும், ஆங்கிலத்தில் படித்த ஊர் வேறொரு பெட்டியிலும் இத்தனை காலம் கிடந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைப்பதற்கு ஒரு பெண்ணின் ஆயா வீடு வேண்டியிருந்தது.

ஆவணிக் கடைசி, 1780

ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அந்தப் போரை முறையாகப் படித்ததுதான்.

1780 சூலையில் ஐதர் அலி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு செங்கம் கணவாய் வழியாகக் கீழே இறங்கினார். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் நாடு அது. கும்பினியின் பாதுகாப்பில் இருந்த நாடு. சென்னையிலிருந்து எக்டர் மன்றோ காஞ்சிபுரத்துக்குப் படை நடத்திச் சென்றார். வடக்கே குண்டூர்ப் பகுதியிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி தம் படையோடு வந்து அவருடன் சேரவேண்டும் என்பது திட்டம்.

பெய்லி ஆகஸ்டு 25 அன்று கொற்றலையாற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். ஆற்றில் நீர் அதிகமில்லை. இறங்கிக் கடந்திருக்கலாம். ஆனால் அன்றிரவு வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. வெள்ளம் வடிந்து அவர் ஆற்றைக் கடந்தபோது செப்டம்பர் பிறந்துவிட்டது. கோடையில் மணல் மட்டுமே ஓடும் நம் ஆறுகளில் ஒன்று, ஒரே இரவில் ஒரு போரின் முடிவை எழுதியது.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே திப்பு அவரை மறித்தார். மன்றோ தம் படையிலிருந்து கர்னல் பிளெட்சரின் தலைமையில் ஆயிரம் பேரை உதவிக்கு அனுப்பினார். அவர்கள் 9ஆம் நாள் பெய்லியோடு சேர்ந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 3,800 பேர். அன்றிரவே காஞ்சியை நோக்கி நடந்தார்கள். நடுவில் நின்றார்கள். விடிந்தபோது ஐதரின் முழுப்படையும் அவர்களைச் சுற்றி நின்றது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறிய பிறகு போரிட ஒன்றும் மிஞ்சவில்லை. குண்டுச் சத்தம் கேட்கும் தொலைவில்தான் மன்றோ இருந்தார். காலம் கடந்து புறப்பட்டு, காயம்பட்டு ஓடிவந்தவர்களை வழியில் சந்தித்துத் திரும்பிப் போனார். பின்னர்த் தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் குளமொன்றில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

உயிரோடு பிடிபட்ட ஐரோப்பியர் ஏறத்தாழ 200 பேர். அவர்கள் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார்கள். பெய்லி 1782 நவம்பரில் அங்கேயே இறந்தார். மற்றவர்கள் 1784இல், மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் விடுதலையானார்கள்.

1784. மாளிகை முடிந்த ஆண்டும் அதுதான். கோட்டைக்குள் கைதிகளின் விலங்குகள் கழற்றப்பட்ட அதே ஆண்டில், கோட்டைக்கு வெளியே தோட்டத்து மாளிகை நிறைவெய்தியது. அந்த மாளிகையின் சுவரில்தான் அவர்கள் சிறைப்பட்ட நாள் வண்ணமாயிற்று. விடுதலையானவர்களில் டேவிட் பெயர்ட் என்றொரு இளம் அதிகாரியும் இருந்தார். மூன்று ஆண்டு எட்டு மாதம் சிறையில் கிடந்தவர். 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணக் கோட்டையின் உடைப்பின் வழியே படையை நடத்திச் சென்றவர் அவரேதான். அன்று மாலைக்குள் திப்பு கொல்லப்பட்டுவிட்டார்.

இவ்வளவையும் படித்தபோது ஒரு கணக்கு என்னை உறுத்தியது. 3,800 பேரில் ஐரோப்பியர் சில நூறு பேரே. மற்றவர்கள் சென்னைப் படையின் சிப்பாய்கள்; தமிழும் தெலுங்கும் பேசிய, நம் ஊர்களிலிருந்து சம்பளத்துக்குச் சென்ற ஆட்கள். பெய்லிக்கு அவருடைய உறவினர் 1816இல் சீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் எழுப்பினார். சிறைப்பட்ட அதிகாரிகள் எழுதிய நினைவுக் குறிப்புகள் அச்சேறின. சிப்பாய்கள்? சுவரில் பாருங்கள். ஒரே சட்டை, ஒரே நிறம், ஒரே முகம்.

சிப்பாய்களுக்காவது சுவரில் இடம் கிடைத்தது. அந்த மண்ணில் ஏர் பூட்டியிருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஐதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிலும் ஊர்களைக் கொளுத்திக்கொண்டு வந்தது. ஆங்கிலப் படைக்குச் சோறும் புல்லும் கிடைக்கக்கூடாது என்பது அவருடைய போர்முறை. கொளுத்தப்பட்டவை நம் ஊர்களின் வைக்கோற்போர்கள், களஞ்சியங்கள், கூரைகள். அடுத்த ஆண்டுகளில் பஞ்சம் வந்தது. சென்னைக்குள் பசித்த மக்கள் திரண்டார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ஏற்பட்டதே மணியக்காரர் சத்திரம். பின்னாளில் அதன் வழியே வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சீரங்கப்பட்டணச் சுவரில் உள்ளது அந்தப் போரின் ஒரு நினைவுச்சின்னம். வடசென்னையின் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெயர் இன்னொன்று.

இரண்டு கல்வெட்டுகள், ஒரு வயல்

இனிப் பல்லவர் காலத்துப் புள்ளலூருக்கு வருவோம். *சிவகாமியின் சபதம்* படித்த நண்பர்களுக்கு இப்பெயர் புதிதன்று.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி தெற்கே படையெடுத்தான். 634ஆம் ஆண்டைச் சேர்ந்த அய்கொளெக் கல்வெட்டில் அவனுடைய அவைப்புலவன் ரவிகீர்த்தி, பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒடுங்கினான் என்று பாடியிருக்கிறான். நூறாண்டுக்கும் பின்னர் எழுந்த காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவரை அழித்தான் என்கிறது. பகைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. புலிகேசியே என்பார் பலர். அல்லர் என்பாரும் உண்டு. தோற்றவன் வீட்டுச் செப்பேட்டில் தோல்வி எழுதப்படுவதில்லை. வென்றவன் வீட்டுக் கல்வெட்டில் வெற்றியின் விலை எழுதப்படுவதில்லை. வகுப்பில் நான் இதை நகைச்சுவையாகச் சொல்வது வழக்கம். இம்முறை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஏனெனில் தரியா தௌலத்தின் சுவரும் ஒரு மெய்க்கீர்த்திதான். கல்லுக்கும் செம்புக்கும் பதில் வண்ணம், அவ்வளவே வேறுபாடு. ஆயிரத்து நூற்று அறுபது ஆண்டு இடைவெளியில் அதே வயலில் மீண்டும் ஒரு போர் நடந்திருக்கிறது. வடக்கிலிருந்து காஞ்சிக்கு வரும் படையும், அதை மறிக்கும் படையும் சந்திக்க வாய்ப்பான வெளி அது. ஆண்டவர்கள் மாறினாலும் நிலத்தின் அமைப்பு மாறவில்லை. அடுத்த ஆண்டே, 1781 ஆகஸ்டு 27 அன்று, ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் ஐதரும் அதே புள்ளலூரில் மறுபடி மோதினார்கள். அந்தப் போருக்குத் தோட்டத்து மாளிகையில் சுவர் கிடைக்கவில்லை. அதில் ஐதருக்கு வெற்றி இல்லை.

தோட்டங்களுக்கு நேர்ந்தது

தோட்டத்தைப் பற்றிச் சொல்லவந்து போரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சீரங்கப்பட்டணத்தில் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

1792 பிப்ரவரியில் காரன்வாலிசின் படை தீவுக்குள் புகுந்தது. கோட்டையை முற்றுகையிடக் கட்டுக்கழிகளும் மண்கூடைகளும் வேண்டும். அவற்றுக்கு மரம் வேண்டும். திப்பு ஆசையோடு வளர்த்திருந்த லால்பாக்கின் மரங்கள் வெட்டப்பட்டன. அங்கிருந்த மாளிகை ஆங்கிலப் படையின் மருத்துவமனையாயிற்று. அந்த முற்றுகையின் முடிவில்தான் திப்பு தம் நாட்டில் பாதியையும் இரண்டு மைந்தர்களைப் பிணையாகவும் கொடுக்க நேர்ந்தது.

பாலாற்றங்கரையில் வைக்கோற்போரைக் கொளுத்தினார் ஐதர். பன்னிரண்டாண்டு கழித்து, காவிரிக்கரையில் அவர் மகனின் தோட்டம் வெட்டப்பட்டது. இது நீதியென்று நான் சொல்லமாட்டேன். வெட்டிய கைகளில் பல நம் சென்னைச் சிப்பாய்களின் கைகளாகவும் இருந்திருக்கும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

1799க்குப் பிறகு சீரங்கப்பட்டணத்திலிருந்த திப்புவின் அரண்மனைகள் இடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் உத்திரங்கள் மலையேறி உதகைக்கு வந்தன. 1830இல் நிறைவுற்ற புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கூரையைத் தாங்கி நிற்பவை அவைதாம். உதகைக்கு எத்தனை முறை சென்றிருப்போம்! அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? திப்புவின் மைந்தர்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டதும், 1806 சூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தபோது மைசூரின் புலிக்கொடி ஏற்றப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. திப்புவின் கதையின் முதல் இயலும் கடைசி இயலும் தமிழ் மண்ணில்தான் இருக்கின்றன.

தரியா தௌலத் மட்டும் தப்பியது. திப்பு வீழ்ந்த பின் தீவின் ஆளுகையை ஏற்ற ஆர்தர் வெல்லெசுலி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், அம்மாளிகையையே தம் இருப்பிடமாகக் கொண்டார். அதற்கு முன்பே மேற்குச் சுவர் ஓவியம் சிதைந்திருந்தது. தம் நாட்டவரின் தோல்வியைத் தீட்டிய அந்தச் சுவரை வெல்லெசுலி சீர்செய்ய வைத்தார். பிறகும் அது மங்கியது. 1850களில் மைசூருக்கு வந்த தலைமை ஆளுநர் டல்ஹௌசி, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த ஓர் இந்திய ஓவியரைக் கொண்டு மீண்டும் தீட்டச் செய்தார்.

ஆகவே, நாம் இன்று காண்பது 1784இன் ஓவியம் அன்று, அதன் நினைவு. கிழக்குச் சுவரில் தஞ்சை மன்னர் உள்ளிட்ட பல அரசர்களின் கொலுக்காட்சிகள் உள்ளன. அவற்றுள் மூன்றாம் கிருட்டிணராச உடையாரும் வீற்றிருக்கிறார். திப்பு இறந்தபோது அவருக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. சுவரின் வயதைச் சொல்ல வேறு சான்று வேண்டாம்.

மூல ஓவியத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் தாள் ஓவியம் ஒன்று, ஏறத்தாழ 32 அடி நீளமுள்ளது, இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2022 மார்ச்சில் அது லண்டனில் 6,30,000 பவுனுக்கு ஏலம் போனது. புள்ளலூரின் ஒரு காலைப்பொழுதுக்கு இன்று அங்கே அதுதான் விலை.

புள்ளலூரில்

மாசியில் ஒரு ஞாயிறன்று புள்ளலூருக்குச் சென்றேன். காஞ்சிக்கு வடகிழக்கே உள்ள ஊர். அந்த மாணவியும் அவள் தந்தையாரும் உடன் வந்தார்கள். அறுப்பு முடிந்து வயல்கள் தாள் நின்று காய்ந்துகொண்டிருந்தன. ஏரியில் பாதி நீர். பனைகள். இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம், "இங்க சண்டை நடந்த இடம் எதுங்க?" என்று கேட்டேன். "எந்தச் சண்டை?" என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

1781 போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளின் நினைவாகக் கூம்பு வடிவக் கல்லறைகள் இரண்டு அங்கே நிற்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஊரார் வழிகாட்டினார்கள். மகேந்திரவர்மனுக்கு அங்கே ஒன்றுமில்லை. ஐதருக்கும் திப்புவுக்கும் ஒன்றுமில்லை. பெய்லிக்கும் இல்லை. சிப்பாய்களுக்கும் ஊர் மக்களுக்கும் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மாணவியின் ஆயா வீட்டுத் திண்ணையில் மோர் கொடுத்தார்கள். சுவரைப் பற்றி நான் சொன்னேன். குதிரைகள், வெடித்த வண்டி, பல்லக்கு, விரலை வாயில் வைத்த தளபதி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆயா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதுல நம்ம ஊரு ஏரி போட்டிருக்கானா?"

இல்லை என்றேன். ஏரி மட்டுமா, ஒரு குடிசையோ ஒரு பனையோ அடையாளம் காணும்படி அங்கே இல்லை. ஓவியர் புள்ளலூரைக் கண்டிருக்கமாட்டார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வெற்றி, ஊரன்று.

"அப்ப அது வேற ஊரா இருக்கும்" என்று சொல்லி ஆயா செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பேத்தி என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தாள்.

வேறு ஊர் இல்லை. அதே ஊர்தான் என்று நிறுவுவதே என் போன்றவர்களின் தொழில். செப்பேட்டையும் சுவரோவியத்தையும் கும்பினிக் குறிப்புகளையும் அடுக்கி என்னால் அதை நிறுவிவிட முடியும். ஆனால் ஆயாவின் மறுப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மக்களும் ஏரியும் இல்லாத இடத்தைத் தம் ஊர் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை.

இந்த ஆண்டு பல்லவர் பாடம் வந்தபோது கரும்பலகையில் புள்ளலூர் என்று எழுதி, அதனடியில் 1780 என்றும் 1781 என்றும் எழுதினேன். அந்த மாணவி இப்போது மூன்றாமாண்டு. துறையின் கையெழுத்து ஏட்டுக்குப் புள்ளலூர் ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை தந்திருக்கிறாள். மதகு எத்தனை, கலங்கல் எங்கே, எந்த வயலுக்கு எந்த முறை என்று ஆயாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். போரைப் பற்றி அதில் இரண்டே வரிகள்தாம். திருத்தலாமா என்று பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

மைசூர்ப் பக்கம் செல்லும் நண்பர்கள் தரியா தௌலத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தோட்டத்து நிழலில் முதலில் சற்று உட்காருங்கள், அதற்காகவே வளர்த்த இடம் அது. பிறகு பச்சைத் திரைக்குப் பின்னே மேற்குச் சுவரின் முன் நில்லுங்கள். அறிவிப்பில் ஊரின் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், அதைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.